காரைக்குடியில் பீட்சா டெலிவரி வேலை: சேரும் முன்பும் சேர்ந்த பிறகும்

காரைக்குடியில் நான்கு ஆண்டுகள் பீட்சா டெலிவரி வேலை பார்த்தேன். இப்போது கடைக்குள் நின்று, எந்த ஆர்டர் எந்த வண்டியில் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிறேன். கல்லூரி முடித்த பையன்கள் வேலை கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். சில சமயம் பெண்களும் வருகிறார்கள். "வண்டி ஓட்டத் தெரியும் அண்ணன், அது போதாதா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். போதாது. ஊரும் கணக்கும் தெரிந்தவனுக்கு இது நல்ல வேலை. அவை தெரியாமல் வேகத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் ஆறே மாதத்தில் வண்டியையும் முட்டியையும் கெடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் நாள் நான் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த இடத்தில் சேருவது

இந்த வேலைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பெரிய தொடர் நிறுவனத்தின் கிளை. மாதச் சம்பளம் வரும், சீருடை தருவார்கள், பல கிளைகளில் வண்டியும் கடையுடையதுதான். இரண்டாவது, உள்ளூர் பேக்கரி அல்லது பீட்சா கடை. அங்கே பேச்சு எல்லாம் வாய்ப்பேச்சு. நாள் கூலி, அதற்கு மேல் பெட்ரோல் காசு. ஆர்டர் இல்லாத நேரத்தில் வெங்காயம் நறுக்க வேண்டும், அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். மூன்றாவது, ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற செயலிகள். அதில் பீட்சாவோடு பிரியாணியும் வரும். ஓட்டத்துக்குத்தான் காசு, நீங்கள் யாருக்கும் சம்பள ஆள் இல்லை.

கிளையில் சேருபவர்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் பிடித்தத்தைக் கண்டு வருத்தப்படுவார்கள். வருத்தப்பட வேண்டாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். சம்பளம் 12,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 90 ரூபாய். அந்தத் தொண்ணூறு ரூபாயில் உங்களோடு வீட்டாருக்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது. சாலையில் பிழைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

செயலி வழியே ஓட்டுபவர்கள் இரண்டு பதிவுகளை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஒன்று, அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிய மத்திய அரசு 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளம். மற்றொன்று, இணையம் சார்ந்த தற்சார்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-இல் அமைத்த நல வாரியம். 2025-26 மாநில வரவுசெலவுத் திட்டத்தில், புதிய மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான் அது. நம் பகுதியில் பல பையன்கள் இன்னும் பதியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

என்னைக் கேட்டால், புதிதாக வருகிறவர் முதல் ஆறு மாதம் சம்பளம் உள்ள இடத்தில் ஓட்டுவது நல்லது. கடை வண்டியில் ஊரைப் படித்துக்கொள்ளலாம். பிறகு செயலிக்குப் போனால், எந்த ஓட்டத்தை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்திருக்கும்.

தாள்கள்

கியர் வண்டி ஓட்டும் நிரந்தர உரிமம் கையில் இருக்க வேண்டும். பழகுநர் உரிமத்தோடு வேலை கேட்டு வராதீர்கள். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய், ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஒரு நாள் பிடிபட்டால் ஒரு வாரக் கூலி போய்விடும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து கிழியாது.

இன்சூரன்ஸில் ஒரு நுட்பம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியோடு டெலிவரி ஓட்டி விபத்தானால், வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். என்னோடு ஓட்டிய தம்பி ஒருவருக்கு அப்படி நடந்தது. முன்சக்கரம் வளைந்து, ஃபோர்க் உடைந்து, முழுச் செலவும் அவர் தலையில் விழுந்தது. பாலிசி போடும்போதே, "உணவு டெலிவரிக்கு ஓட்டுவேன், இது பொருந்துமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வண்டி உங்கள் பெயரில் இருந்தால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி அப்பா பெயரில் இருந்தால் அந்தக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. அப்போது உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்.

வண்டி

நம் சீமையில் வண்டிக்கு இரண்டு பகைவர்கள்: கருவேல முள்ளும் செம்மண் புழுதியும். ஊர் எல்லையைத் தாண்டினால் இரு பக்கமும் சீமைக் கருவேலம்தான். வெட்டிய முள்ளை வண்டியில் ஏற்றிப் போகும்போது சாலையில் உதிர்ந்து கிடக்கும். ட்யூப் உள்ள டயர் என்றால் குத்தியதும் காற்று இறங்கி வண்டி நின்றுவிடும். ட்யூப்லெஸ் டயருக்கு மாறுங்கள். முள்ளோடேயே கடைவரை வந்து சேரலாம். புழுதியால் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்து மைலேஜ் குறையும். சர்வீஸுக்காகக் காத்திருக்காமல் மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள்.

பவர் பேங்க், ஃபோனுக்கு நீர் புகாத உறை, சிறு டார்ச், மழைக்கோட்டு, இரண்டு பாட்டில் தண்ணீர். இவை ஐந்தும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். டார்ச் எதற்கு என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

வீடு கண்டுபிடிப்பது

இந்த வேலையின் பாதி இதுதான். சென்னையில் ஓட்டிவிட்டு வந்தவர்கூட இங்கே தடுமாறுகிறார். காரணம், செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு.

ஒரு வீடு ஒரு வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடிகிறது. முகப்பு ஒரு வீதியில் இருக்கும். வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்னும் அடுத்த பகுதி, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் அடுத்த வீதியில் திறக்கும். வீதிகள் கோடு போட்டது போல் நேராக ஓடுவதால், முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் போக ஒரு முழுச் சுற்று வர வேண்டும். செயலியின் வரைபடத்தில் குறி பெரும்பாலும் வீட்டுக் கூரையின் நடுவில்தான் விழும். எந்தப் பக்கம் ஆள் நிற்கிறார் என்பதை அது சொல்லாது.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம், ஒரு பெரிய வீட்டின் முகப்புக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். பூட்டு தொங்கவில்லை, ஆனால் யாரும் வரவில்லை. ஆர்டர் கொடுத்த பெண் பின் வீதியில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒரே வீட்டு வாசலில்தான் நின்றோம். நடுவில் மூன்று கட்டுகள். இருபது நிமிடம் போயிற்று. பெட்டியைத் திறந்தபோது சீஸ் உறைந்திருந்தது. அன்றிலிருந்து கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரே கேள்வியை ஃபோனில் கேட்கிறேன்: "முகப்பு வாசலா, பின்வாசலா?" நீங்களும் அதையே கேளுங்கள். அரை நிமிடத்தில் முடியும்.

அடுத்தது விலாசம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களில் விலாசம் என்பது கதவு எண் இல்லை. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த தொடர். "சூனா மானா வீடு" என்பது போலத்தான் தெருவில் சொல்வார்கள். பழைய வீதியில் கதவு எண்ணைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. விலாசத்தைச் சொன்னால் சைக்கிளில் போகிற சிறுவனும் கையை நீட்டிக் காட்டுவான். முகப்புக்கு மேலே அந்த எழுத்துகள் பதிந்திருக்கும். இரவில் அதைப் படிக்கத்தான் டார்ச்.

ஒரே வீட்டில் நான்கைந்து பங்காளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு தம்பதிக்கும்) தனி அறை, தனி அடுப்பு என்று இருப்பதும் உண்டு. திருமணம், அறுபதாம் கல்யாணம் என்று வீடு திறந்திருக்கும் நாட்களில் சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள். பீட்சா கேட்பது அவர்கள்தான். ஆனால் கதவைத் திறக்கும் ஆச்சிக்கு ஆர்டர் பற்றித் தெரியாது. "நாங்கள் எதுவும் சொல்லவில்லையே தம்பி" என்று அனுப்பிவிடுவார். ஆர்டர் கொடுத்தவர் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, "இன்னார் சொன்னார்கள் ஆச்சி" என்று சொல்லுங்கள். உள்ளே குரல் போகும்.

புதிய பகுதிகளுக்கு வேறு பாடம். சுப்பிரமணியபுரத்தில் ஒரே எண்ணுள்ள வீதிக்கு வடக்கும் உண்டு, தெற்கும் உண்டு. ஆர்டரில் அந்தச் சொல் விட்டுப்போயிருந்தால் கேட்காமல் கிளம்பாதீர்கள். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) குடியிருப்பு, அழகப்பா பல்கலைக்கழக விடுதிகள் போன்ற வளாகங்களுக்குப் போகும்போது நுழைவாயிலிலிருந்தே ஃபோன் செய்யுங்கள். செக்காலை, கழனிவாசல், பர்மா காலனி, நூறடிச் சாலை ஆகியவற்றின் குறுக்கு வழிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வண்டியில் சுற்றிப் பார்த்துவிடுங்கள். கொப்புடையம்மன் கோயில், பெரியார் சிலை, கம்பன் மணிமண்டபம், ஆயிரம் ஜன்னல் வீடு இவற்றை அடையாளமாக வைத்துத்தான் மக்கள் வழி சொல்வார்கள்.

பீட்சாவைத் தூக்கிப் போவது

பெட்டி எப்போதும் படுக்கைவசமாக இருக்க வேண்டும். சாய்த்தால் சீஸும் மேலே வைத்த காய்களும் ஒரு பக்கமாக வழிந்துவிடும். பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறு துளைகளை ஒட்டுப் பட்டையால் மூடிவிடாதீர்கள். உள்ளே எழும் ஆவி வெளியேறாவிட்டால் மூடியில் நீராகி, ரொட்டியின் மேலேயே சொட்டி அதை நமத்துப்போகச் செய்துவிடும். குளிர்பானத்தை அதே வெப்பப் பைக்குள் வைத்தால் இரண்டுமே கெடும். மிளகாய்த் தூள், ஆரிகானோ பொட்டலங்களைக் கிளம்பும்போதே எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலில் வரும் சண்டைகளில் பெரும்பங்கு அந்தச் சின்னப் பொட்டலங்களால்தான்.

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை, கார்த்திகை, பிள்ளையார் நோன்பு போன்ற நாட்களில் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். அசைவப் பெட்டியையும் சைவப் பெட்டியையும் ஒரே பையில் அடுக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் திறக்காதீர்கள். பெட்டியில் பச்சைப் புள்ளியைக் காட்டிக் கொடுத்தால் ஆச்சிமார் நிம்மதியாக வாங்கிக்கொள்வார்கள். இது அவர்கள் நம்பிக்கைக்கு நாம் தரும் மரியாதை.

கணக்கு

தினமும் இரவில் நோட்டில் மூன்றே எண்களை எழுதுங்கள்: எத்தனை ஆர்டர், எத்தனை கிலோமீட்டர், கையில் எவ்வளவு. சொந்த வண்டியில் ஓட்டுபவர்களுக்கு இந்த நோட்டு உயிர் போன்றது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 15 ஆர்டர். போக வர சராசரி 6 கிலோமீட்டர். மொத்தம் 90. வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் 2 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்றால் இருநூற்றுச் சொச்சம். அதோடு முடியவில்லை. இப்படி ஓட்டினால் மாதம் 26 நாளில் 2,340 கிலோமீட்டர் ஆகும். வீட்டு வண்டிக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாற்றும் எஞ்சின் ஆயில், உங்கள் வண்டிக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. பிரேக் கட்டை, செயின் செட், டயர் எல்லாம் அதே வேகத்தில் தேயும். இதற்கெல்லாம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எடுத்து வையுங்கள். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றேகால் ரூபாய் வண்டி தின்கிறது. 750 ரூபாய் வந்த நாளில் கையில் நிற்பது நானூற்று ஐம்பதுக்குச் சற்று மேல்.

இந்த மூன்றேகால் ரூபாயை மனதில் வைத்து ஆர்டரைப் பாருங்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கோட்டையூர்ப் பக்கம் ஓர் ஆர்டர் என்றால், போக வரப் பன்னிரண்டு. செலவு முப்பத்தொன்பது ரூபாய். ஓட்டத்துக்கு நாற்பது ரூபாய் தருகிறார்கள் என்றால் நீங்கள் ஒரு ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் உழைத்திருக்கிறீர்கள். திரும்பும் வழியில் ஆர்டர் கிடைக்காத ஊர்களுக்கு இது கட்டாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று கேட்டால் கடைக்காரரிடம் தனித் தொகை பேசிக்கொண்டு போங்கள். பெரிய வீடுகளில் படப்பிடிப்பு நடக்கும்போது அப்படி மொத்த ஆர்டர்கள் வரும். அவற்றை இரண்டு வண்டிகளில் பிரித்து எடுத்துப் போங்கள்.

ரொக்க ஆர்டருக்குச் சில்லறை உங்கள் பொறுப்பு. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக இருநூறு ரூபாய் தனியே வையுங்கள். ஃபோன் வழியே பணம் போட்டதாகச் சொன்னால், உங்கள் பக்கம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பெட்டியைக் கையில் கொடுங்கள். இரவில் கடையில் கணக்கு ஒப்படைக்கும்போது, ஒப்படைத்த தொகையை உங்கள் நோட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குறைந்த பணத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு ஒரு நாள் நிச்சயம் வரும்.

வெயிலும் கூட்டமும்

வேலை மும்முரம் மாலை ஏழு முதல் இரவு பத்து வரை. சனி, ஞாயிறுகளில் இன்னும் நீளும். பகல் ஓட்டம் குறைவு என்றாலும் சித்திரை, வைகாசி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும். பருத்தித் துணியை நனைத்துக் கட்டிக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட் போடுங்கள். மோர் குடியுங்கள். தலை சுற்றினால் வண்டியை நிறுத்தி நிழலில் உட்காருங்கள். கடைக்கு ஃபோன் செய்து சொன்னால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆர்டர் கூடும். சாலைக்கு வெளியே செம்மண் ஓரம் சேறாகிச் சோப்பு போல வழுக்கும். எதிரே பஸ் வந்தாலும் திடீரென ஓரத்தில் இறங்காதீர்கள். முன்கூட்டியே வேகம் குறையுங்கள். தை மாதத்தில் பழனி பாத யாத்திரை குன்றக்குடி வழியாகப் போகும்போது இரவிலும் விடியலிலும் சாலையோரம் முழுக்க மனிதர்கள். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் பால்குட நாளில் நடு ஊரில் வண்டியே நகராது. அந்த நாட்களில் ஆர்டர் எடுக்கும்போதே கூடுதல் நேரம் சொல்லும்படி கடையில் கேட்டு வாங்குங்கள்.

வேகம்

அரை மணி நேரத்தில் பீட்சா என்ற பேச்சு அமெரிக்காவில் பிறந்தது. டொமினோஸ் நிறுவனம் அங்கே கொடுத்திருந்த முப்பது நிமிட உத்தரவாதத்தை 1993-இல் கைவிட்டது. டெலிவரி ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விபத்து வழக்கில் நடுவர் குழு மிகப் பெரிய இழப்பீடு விதித்ததே காரணம். அவசரத்தின் விலை என்ன என்று ஒரு நிறுவனமே கண்ட பாடம் அது. நேரம் மிச்சமாவது சாலையில் இல்லை. அடுப்பிலிருந்து பெட்டி வருவதற்குள் வழியை முடிவு செய்து, வாசல் எதுவென்று கேட்டு, சில்லறை எடுத்து வைத்தவன் நிதானமாக ஓட்டியே முதலில் போய்ச் சேர்கிறான். எழுபதில் பறப்பவன் நம் ஊர் அளவில் மிச்சம் பிடிப்பது ஓரிரண்டு நிமிடம்.

திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலையில் இரவில் ஏறினால் இரண்டு விஷயங்களுக்குக் கண் வைத்திருங்கள்: விளக்கில்லாமல் நிற்கும் லாரி, சாலையில் படுத்திருக்கும் மாடு. தெருநாய் துரத்தினால் வேகம் கூட்டாமல் நிறுத்தி, அதட்டி, பிறகு நகருங்கள். நாய்க்குப் பயந்து ஓடி விழுந்தவர்களே அதிகம். விபத்து நடந்துவிட்டால் 108. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் இந்த வேலை

கையில் அன்றாடம் காசு பார்க்கலாம். மாலை நேர வேலை என்பதால் பகலில் படிக்கலாம். தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஓட்டியவர்கள் என்னிடம் பலர் இருந்தார்கள். ஊர் முழுக்க முகம் பழகும். இரவு பத்தரைக்கு ஓர் ஆச்சி, "மழையில் வந்தாயே தம்பி" என்று சொல்லி ஒரு டம்ளர் சூடான பால் தந்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

மறுபக்கம், பதவி உயர்வு மிகக் குறைவு. ஐந்தாம் ஆண்டிலும் அதே ஓட்டம், ஏறக்குறைய அதே தொகை. முதுகுவலி மூன்றாம் ஆண்டில் தலைகாட்டும். பண்டிகை, விடுமுறை நாட்களில் வீட்டில் இருக்க முடியாது. பெண்கள் ஓட்டும்போது ஆளில்லாத வீதிகளில் இரவு ஆர்டர் எடுக்க மறுக்கும் உரிமையைச் சேரும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கடையில் அதை ஏற்றிருக்கிறோம். எல்லாக் கடைகளும் ஏற்க வேண்டும்.

ஆகவே சேரும் அன்றே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு, அதிகம் போனால் மூன்று. அதற்குள் கடையின் உள்வேலையைக் கேட்டுப் பழகுங்கள்: மாவு பிசைவது, அடுப்பு, சரக்குக் கணக்கு, ஆர்டர் பிரிப்பது. கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் கற்றுத் தருவார்கள். நான் உள்ளே வந்தது அப்படித்தான்.

விலகும்போது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் யு.ஏ.என். எண்ணை, அதாவது வேலை மாறினாலும் மாறாத அந்த எண்ணை, கையில் எழுதி வாங்குங்கள். வெப்பப் பைக்கும் சீருடைக்கும் முன்பணம் கட்டியிருந்தால், அவற்றை ஒப்படைக்கும் அன்றே திருப்பிக் கேளுங்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வெளியே வாருங்கள்.